கலியாணப் பெண்ணும் ஊர் எல்லையும்

சென்ற முகூர்த்த காலத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கலியாணத்திற்காக நாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தோம். பெண்ணின் தகப்பனார் இராஜபாளையம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவர். பெண் பட்டப் படிப்பு முடித்தவள். சர்க்கார் உத்தியோகத்திற்கான தேர்வாணையப் பரீட்சைக்கு இரண்டு வருஷ காலம் விளக்கு வைத்துப் படித்தவள். வியாழக்கிழமை கலியாணம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் பரீட்சை. அனுமதிச் சீட்டும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமையே வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டாய்விட்டது. "பந்தக்கால் ஊன்றின பிறகு பெண் ஊர் எல்லை தாண்டக்கூடாது, தாண்டினால் காத்துக் கருப்பு அண்டும், பஸ்ஸிலே ஏறினால் கண்டம்" என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை விருதுநகரில் பரீட்சை மணி அடித்த வேளையில், அந்தப் பெண் உள்ளறையில் ஒரு வேப்பங்கொத்தையும் ஓர் இரும்புத் துண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

இனி மாப்பிள்ளையின் சங்கதியைக் கேளுங்கள். அதே ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் திருப்பூரிலிருந்து இரவெல்லாம் பிரயாணம் செய்து வந்து இறங்கி, முகங்கழுவின கையோடு மோட்டார் சைக்கிளில் ஏறினான். தளவாய்புரம், முகவூர், சேத்தூர், மம்சாபுரம், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு என்று ஊர் ஊராகப் பத்திரிகை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தான். பின்னால் ஒரு மைத்துனன், நடுவில் ஒரு பை. தலையில் கவசம் கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, "நெற்றியில் திருநீறு அழிந்துவிடும்" என்று பதில் வந்தது. இவனை எவரும் தடுக்கவில்லை. எல்லை தாண்டாதே என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. நெற்றியில் பூசி அனுப்பியதோடு பெரியவர்களின் கவலை தீர்ந்துவிட்டது.

வாசகர்களே! இதில் யாருக்கு ஆபத்து அதிகம்? பகலில், பஸ்ஸில், தகப்பனாரோடு ஒன்றரை மணி நேரம் போய் வரவேண்டிய பெண்ணுக்கா? அல்லது தூக்கமில்லாமல், தலைக்கவசமில்லாமல், மதுரை - கொல்லம் ரஸ்தாவில் லாரிகளுக்கு நடுவில் பதினைந்து மணி நேரம் திரிந்த பையனுக்கா? ஆபத்தைக் கண்டு பயந்து இந்தக் கட்டுப்பாட்டை ஏற்படுத்தியிருந்தால், பூட்டி வைக்க வேண்டியவன் மாப்பிள்ளையல்லவா? அவனை ஏவிவிட்டுப் பெண்ணைப் பூட்டி வைப்பானேன்? காத்துக் கருப்புக்கு மாப்பிள்ளையின் விலாசம் தெரியாதா? அல்லது அதுவும் ஆண் பிள்ளை என்றால் சலுகை காட்டுகின்றதா என்று கேட்கின்றோம்.

இது ஏதோ ஒரு வீட்டுச் சங்கதி, இதற்கு ஒரு தலையங்கமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஒரு வீட்டுச் சங்கதியாயிருந்தால் நாமும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்திருப்போம். ஆனால் நமது ஜனங்களின் வாழ்க்கையில் எந்த முக்கியமான காரியம் நெருங்கினாலும், அதற்கு முன்னால் இம்மாதிரி ஒரு பயப் பந்தல் போடப்படுகின்றது. கலியாணப் பெண் எல்லை தாண்டக்கூடாது. நலங்கு வைத்தவள் உச்சி வேளையில் வாசலில் நிற்கக்கூடாது. பந்தக்கால் நட்டவர்கள் கூடப்பிறந்தவன் செத்தாலும் இழவு வீட்டுக்குப் போகக்கூடாது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. பிள்ளைத்தாச்சி கிரகணத்தன்று காய் நறுக்கக்கூடாது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகின்றவன் புறப்படும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். பரீட்சைக்குப் போகும் பையனுக்குப் பூனை குறுக்கே வந்தால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லுகின்றார்கள். எல்லாக் காரணங்களும் ஒரே காரணந்தான். அதாவது, நல்லது நடக்கப் போகின்ற சமயம் பார்த்துக் கெட்டது ஒன்று மூலையில் ஒளிந்துகொண்டு காத்திருக்கின்றது என்பதாகும்.

பிலிப்பைன்ஸ் தீவுக்காரர்கள் சொல்லுவது

இந்தப் பயம் நமது சாஸ்திரத்தின் சொந்தச் சொத்து என்று யாராவது பெருமை பேச வந்தால், அவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். நமது பிள்ளைகள் பலர் இன்று வைத்தியப் படிப்புக்குப் போகின்ற பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் இதே பயம் இருக்கின்றது. 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் தேசத்தார் ஆண்ட நாடு அது. ஜனங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அங்கே இராகுவும் இல்லை, குளிகனும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை. ஆனாலும் கலியாணம் நிச்சயமான ஆணும் பெண்ணும் கலியாணத்திற்கு முன்னால் தூரப் பிரயாணம் செய்யக்கூடாது, செய்தால் விபத்து நேரும் என்று அங்கும் பாட்டிமார்கள் சொல்லுகின்றார்கள். பள்ளிப் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கும் நாள் நெருங்கினால் பிள்ளைகளுக்குக் கண்டம் என்றும் சொல்லுகின்றார்கள்.

சரி, இரண்டு நாட்டிலும் ஒன்றுபோல் சொல்லுவதால் அதில் உண்மை இருக்கக்கூடாதா என்று ஒரு கெட்டிக்காரர் கேட்கலாம். அவருக்காக இன்னும் கொஞ்சம் சொல்லுகின்றோம். அந்த நாட்டில் கலியாணப் பெண் தன் கலியாண உடுப்பை முன்கூட்டியே உடுத்திப் பார்த்தால் கலியாணம் நின்றுபோகும் என்கின்றார்கள். நம் ஊரிலோ ரவிக்கையை நாலு தடவை போட்டுப் பார்த்துத் தையற்காரரிடம் திருப்பிக் கொடுக்கின்றோம், எந்தக் கலியாணமும் அதனால் நின்றதில்லை. அங்கே கூடப்பிறந்தவர்கள் இருவர் ஒரே வருஷத்தில் கலியாணம் செய்துகொண்டால் ஒருவருடைய அதிர்ஷ்டத்தை மற்றவர் விழுங்கிவிடுவார் என்கின்றார்கள். இதற்கு 'சுகோப்' என்று ஒரு பெயரும் வைத்திருக்கின்றார்கள். நம் ஊரில் செலவு மிச்சம் என்று அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே பந்தலில் தாலி கட்டுகின்றோம்.

எல்லாவற்றிலும் வேடிக்கை, சாவு வீட்டுச் சங்கதியாகும். அங்கே இழவு வீட்டிற்குப் போனவன் நேரே தன் வீட்டுக்குத் திரும்பக்கூடாதாம். வழியில் ஒரு கடையிலோ வேறோர் இடத்திலோ தங்கி, பின்னால் வரும் ஆவியை ஏமாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். அதற்குப் 'பக்பக்' என்று பெயர். நம் ஊரிலோ இழவு வீட்டிற்குப் போனவன் வழியில் ஒருவர் வீட்டிலும் நுழையாமல் நேரே வந்து தலை முழுக வேண்டும். இங்கே சரியான பாதை அங்கே ஆபத்தான பாதையாகின்றது. அங்கே தப்பிக்கும் வழி இங்கே தீட்டாகின்றது. வெள்ளைக்காரனுக்கு ஆகாத வெள்ளிக்கிழமை நமக்கு மங்களமான நாளாகின்றது. உலகத்திற்கெல்லாம் ஒரே நெருப்புச் சுடுகின்றது. ஒரே பாம்பு விஷம் ஏறுகின்றது. இந்தக் கெட்ட நேரம் மட்டும் நாட்டுக்கு நாடு பாஷை மாற்றிக்கொள்வானேன்? எனவே, ஒன்றுபோல் இருப்பது மனிதனுடைய பயம் மாத்திரமே. அந்தப் பயத்துக்கு அந்தந்த ஊர்க்காரர்கள் தைத்துப் போட்ட சட்டைகள்தான் வேறு வேறு.

கடிகாரமும் இராகுவும்

நமது ஊர்ச் சட்டையையே எடுத்துப் பார்ப்போம். பெண்ணை அழைத்து வருவதும், வண்டி ஏறுவதும், ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதும் இராகு காலம் பார்த்தே நடக்கின்றன. திங்கட்கிழமை 7.30 முதல் 9 மணி வரை, வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 மணி வரை என்று நாள்காட்டியில் அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கின்றார்கள். இது சூரியன் உதித்தது முதல் அஸ்தமிக்கும் வரை உள்ள பகலை எட்டுப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை இராகுவுக்கு ஒதுக்கின கணக்காகும். காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு இந்த மணிகளைப் போட்டிருக்கின்றார்கள்.

ஆனால் நம் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் எந்த ஊர்ச் சூரியனைக் காட்டுகின்றது தெரியுமா? 1906-ல் வெள்ளைக்கார சர்க்கார் இந்தியாவுக்கெல்லாம் ஒரே மணி என்று ஏற்பாடு செய்து, கிழக்கே 82½ பாகையில் செல்லும் தீர்க்க ரேகையை அதற்கு அளவாக வைத்தார்கள். இராஜபாளையமோ சுமார் 77½ பாகையில் இருக்கின்றது. பாகை ஒன்றுக்கு 4 நிமிஷம். ஆகவே நம் ஊர்ச் சூரியனுக்கும் நம் ஊர்க் கடிகாரத்துக்கும் ஏறக்குறைய 20 நிமிஷம் வித்தியாசம். சூரியக் கணக்குப்படி திங்கட்கிழமை இராகு வரவேண்டிய நேரம் நமது கடிகாரத்தில் 7.50. நாமோ 7.30-க்கே பயந்து உட்கார்ந்துவிட்டு, 9 மணி அடித்ததும் "நல்ல நேரம் வந்துவிட்டது" என்று பெண்ணை வண்டியில் ஏற்றுகின்றோம். அதாவது, அவர்கள் கணக்குப்படியே பார்த்தாலும் இராகுவின் கடைசி 20 நிமிஷத்தில்தான் தினமும் ஏற்றி அனுப்புகின்றோம்! ஒரு நூறு வருஷத்துக்கு மேலாக இந்தத் தப்பு நடந்து வருகின்றது. இராகு ஒரு நாளாவது வந்து ஆட்சேபித்ததுண்டா?

அன்றியும், இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942 முதல் 1945 வரை, இந்த நாட்டுக் கடிகாரங்களை யெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். ஒரு சர்க்கார் உத்தரவு போட்டு நகர்த்தக்கூடிய 7.30 மணியைக் கண்டு ஒரு பெண் நடுங்க வேண்டுமா என்று யோசித்துப் பார்க்கும்படி வேண்டுகின்றோம்.

ஆண்டாள் ஊரில் நின்று கேட்கின்றோம்

நிற்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்தர்களுக்கு ஒரு தனிக் கேள்வி இருக்கின்றது. நாம் புராணங்களை நம்புகின்றவர்களல்ல என்பது உலகறிந்தது. ஆனால் நம்புகின்றவர்களை அவர்கள் நம்பிக்கையைக் கொண்டே கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. உங்கள் ஊர்க் கதைப்படி ஆண்டாள் யார்? கலியாணம் நிச்சயமான பெண். அவளைத் தகப்பனார் பெரியாழ்வார் என்ன செய்தார்? உள்ளறையில் இரும்புத் துண்டு கொடுத்து உட்கார வைத்தாரா? பல்லக்கில் ஏற்றி ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனார் என்றல்லவா நீங்களே சொல்லுகின்றீர்கள்! ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றது. கலியாணத்துக்கு முன்னால் எத்தனை ஊர் எல்லை, எத்தனை ஆறு, எத்தனை காடு தாண்டினாள்! அவள் தாண்டியது பக்தியென்றால், இந்த விசைத்தறிக்காரர் மகள் பரீட்சை எழுத விருதுநகர் எல்லையைத் தாண்டுவது மாத்திரம் பாவமாய்விடுமா?

அது தெய்வத்தின் காரியம், மனிதருக்கு ஆகாது என்று ஒரு சமாதானம் சொல்லுவார்கள். அப்படியானால் ஆடி மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஆடியில் கலியாணம் கூடாது, புதுக்குடித்தனம் கூடாது, புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு வீட்டிலிருக்கவும் கூடாது என்று பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புகின்றார்கள். அதே ஆடியில் பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் இழுக்கச் சுற்று வட்டாரமெல்லாம் திரளுகின்றது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் வடம் பிடிப்பதற்கும், பால்கோவா விற்பதற்கும், உண்டியல் நிறைவதற்கும் ஆடி நல்ல மாதம். ஏழை வீட்டில் ஒரு பெண்ணும் பையனும் செலவில்லாமல் கலியாணம் செய்துகொள்வதற்கு மட்டும் கெட்ட மாதம்! மண்டபக்காரர் வாடகை குறைத்துக் கொடுக்கின்ற மாதத்தில் கலியாணம் செய்துகொண்டு நாலு காசு மிச்சம் பிடிக்கவும் நமக்கு அனுமதி இல்லை என்பதுதான் இதன் பலன்.

"நடந்திருக்கின்றதே!" என்பது

இனி, இந்த வாதங்களை யெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒருவர் சொல்லுவார். "அதெல்லாம் சரி அண்ணாச்சி, எங்க தெருவிலேயே நடந்திருக்கே. கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளைப் பையன் வண்டியில் அடிபட்டுச் செத்தான். அதுக்கு என்ன சொல்லுறீங்க?" இந்தக் கேள்வியை நாம் பரிகாசம் செய்யமாட்டோம். செத்தது உண்மை. அழுதது உண்மை. அந்தத் தாயின் வயிற்றெரிச்சலும் உண்மை. ஆகையால் நிதானமாகவே பதில் சொல்லுகின்றோம்.

முதலாவது, அந்த ஒரு சாவு உங்கள் தெருவுக்கு இருபது வருஷமாக ஞாபகத்தில் இருக்கின்றது. அந்த இருபது வருஷத்தில் அதே தெருவில் எல்லை தாண்டியும், பஸ் ஏறியும், இராகு காலத்தில் புறப்பட்டும், ஒரு கீறல் கூட இல்லாமல் தாலி கட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நடக்காத விபத்துக்கு ஒப்பாரி இல்லை, ஆகவே ஞாபகமும் இல்லை. வரவை எழுதாமல் செலவை மாத்திரம் எழுதி வைத்துக் கடை நஷ்டம் என்று சொல்லுகின்ற கணக்குப்பிள்ளையை நீங்கள் வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா?

இரண்டாவது, கலியாணத்துக்கு முந்தின மாதத்தில் விபத்து சற்று அதிகமாக நேருகின்றது என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குக் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றது. மற்ற மாதங்களில் ஒருவன் வேலைக்குப் போவான், வீட்டுக்கு வருவான். இந்த மாதத்தில் ஜவுளிக்கு மதுரை, நகைக்கு ஒரு ஊர், பத்திரிகை வைக்க நாற்பது ஊர் என்று அலைகின்றான். இரவில் தூக்கமில்லை. மனமோ கடன் கணக்கில் இருக்கின்றது. சிநேகிதர்கள் விருந்து என்று சாராயத்தை வேறு ஊற்றுகின்றார்கள். கலியாணத்தன்று பெண் வீட்டு ஜனங்களைச் சரக்கு ஏற்றுகின்ற வண்டியில் நிறுத்தி அடைத்து ஏற்றுகின்றார்கள். ஆடு மாடு போல் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பது ஏற்றுகின்றவனுக்கும் தெரியும், ஏறுகின்றவனுக்கும் தெரியும். அந்த வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கின்றது. சக்கரத்துக்கு அடியிலும் ஒரு எலுமிச்சம்பழம் நசுங்குகின்றது. தடை பிடிக்கின்றதா, டயர் தேய்ந்திருக்கின்றதா, ஓட்டுகின்றவன் தூங்கினானா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இத்தனையையும் நாமே செய்துவிட்டு, விழுந்த பழியைத் தூக்கி இராகு தலையில் போடுவது எவ்வளவு யோக்கியமான காரியம்! இராகு பேச முடியாதவனாகையால் நமக்குச் சௌகரியமாய்ப் போயிற்று.

மூன்றாவது, அந்தப் பையன் போன அதே ரஸ்தாவில் அதே நாளில் முஸ்லிம் தோழர் போனார், கிறிஸ்தவத் தோழர் போனார். அவர்கள் நாளும் பார்க்கவில்லை, இராகுவும் பார்க்கவில்லை. ஒரே பஸ்ஸில் ஐம்பது பேர் போகும்போது, ஒரு கலியாணப் பெண் அதிலிருந்தால் அவளுடைய கண்டம் மற்ற நாற்பத்தொன்பது பேரையும் சேர்த்துக் கவிழ்க்குமா? அப்படிக் கவிழ்க்குமானால், பஸ்ஸில் ஏறும் முன்னால் கண்டக்டர் ஒவ்வொருவரிடத்திலும் ஜாதகம் கேட்டுத்தான் டிக்கட் கொடுக்க வேண்டும்.

பிள்ளைத்தாச்சியும் வியன்னா ஆஸ்பத்திரியும்

கலியாணத்தில் ஒரு பரீட்சை போனது. பிரசவத்தில் உயிரே போகும். ஆதலால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுகின்றோம்.

ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், 1840-களில், பிரசவத்துக்கு இரண்டு பகுதிகள் இருந்தன. முதல் பகுதியில் வைத்திய மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். முதல் பகுதியில் பிரசவ ஜுரத்தால் சில வருஷங்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். ஏன் என்று பலர் பல சொன்னார்கள். அதில் ஒன்று, சாகப்போகின்றவர்களுக்கு மந்திரம் சொல்லப் பாதிரியார் அந்தப் பகுதி வழியாக மணி அடித்துக்கொண்டு போவதால், மற்றப் பெண்கள் பயந்து ஜுரம் கண்டு சாகின்றார்கள் என்பதாகும். அங்கே செம்மல்வைஸ் என்ற வைத்தியர் இருந்தார். அவர் பரிகாரம் செய்யவில்லை, பரீட்சை செய்தார். பாதிரியாரை மணி அடிக்காமல் வேறு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார். சாவு குறையவில்லை. அப்படியானால் மணி காரணமல்ல என்று அதைத் தள்ளினார். பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருகின்றார்கள் என்பதைக் கண்டுபிடித்து, 1847-ல் குளோரின் சுண்ணாம்பு கலந்த நீரில் கைகழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்து, அடுத்த வருஷத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே போயிற்று. பாதிரியார் மணியால் சாகாதது போலவே, கிரகணத்தாலும் எவளும் சாகவில்லை. அழுக்குக் கையால் செத்தார்கள்.

இதை இராஜபாளையத்தார்க்குச் சொல்லுவதில் ஒரு விசேஷம் இருக்கின்றது. உலகத்து ஆஸ்பத்திரிகளில் காயத்துக்கு வைத்துக் கட்டுகின்ற மெல்லிய துணியை நெய்து கொடுக்கின்றவர்கள் யார்? இராஜபாளையத்தையும் பக்கத்துச் சத்திரப்பட்டியையும் சேர்ந்த தறிக்காரர்கள். வைத்தியம் என்ற அறிவுக்கு வேண்டிய துணியை இங்கே நெய்கின்றோம். அந்தத் துணியை நெய்த கையே தன் வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்கு வலி கண்டால், "எமகண்டம் போகட்டும், அப்புறம் வண்டிக்குச் சொல்லலாம்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றது! நம் துணி கடல் தாண்டிப் போகின்றது. நம் புத்தி மாத்திரம் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாதா?

2010 சனவரி 15-ந் தேதி தென் தமிழ்நாட்டில் கங்கணச் சூரிய கிரகணம் தெரிந்தது. 2019 டிசம்பர் 26-ந் தேதி மறுபடியும் தமிழ்நாட்டில் தெரிந்தது. இரண்டு நாளிலும் பிள்ளைத்தாச்சிகளை ஜன்னலை மூடி உள்ளே படுக்க வைத்தார்கள். சந்திரனுடைய நிழல் பூமியில் விழுவதால் கருவில் இருக்கும் பிள்ளையின் உதடு பிளப்பதில்லை. சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்த்தால் கண் கெடும் என்பது உண்மை. அது பிள்ளைத்தாச்சிக்கும் உண்மை, அவள் புருஷனுக்கும் உண்மை, புரோகிதருக்கும் உண்மை.

பிள்ளைத்தாச்சிக்கு வரக்கூடிய உண்மையான கண்டங்கள் எவை என்று வைத்தியர்கள் விரல்விட்டுச் சொல்லுகின்றார்கள். இரத்தக் குறைவு, இரத்தப் போக்கு, இரத்தக் கொதிப்பு, விஷக் கிருமி ஆகியவை. ஏழாம் மாதம் வளையல் அடுக்குவதில் காட்டுகின்ற சிரத்தையில் பாதியை இரும்புச்சத்து மாத்திரை விழுங்க வைப்பதில் காட்டினால் எத்தனையோ தாய்மார் பிழைப்பார்கள். தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், முகமும் கையும் திடீரென்று வீங்கினால், இரத்தம் பட்டால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், அந்த நிமிஷமே நல்ல நேரம். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் வண்டி வருகின்றது. அந்த எண்ணுக்கு இராகு காலமும் கிடையாது, எமகண்டமும் கிடையாது. இன்று தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. இந்தப் பெருமையை நமக்குக் கொண்டு வந்தது ஜாதகமா, நர்சம்மாவா என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.

"பார்த்துக்கொள்வதில் என்ன நஷ்டம்?"

எல்லாவற்றுக்கும் கடைசி அம்பு ஒன்று வைத்திருக்கின்றார்கள். "உண்மையோ பொய்யோ, ஒரு வாரம் வீட்டில் இருப்பதில் என்ன நஷ்டம்?" என்பதாகும். கேட்பதற்கு மிகவும் நல்ல வார்த்தையாகவே இருக்கின்றது. ஆனால் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள். கேட்கின்றவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷப் படிப்பு நஷ்டம். ஒரு வேலை நஷ்டம். நாளைக்குப் புருஷன் கையை எதிர்பாராமல் நிற்கக்கூடிய மானம் நஷ்டம். பரீட்சை மறுபடியும் வராதா என்கின்றார்கள். வரும். அப்போது கையில் பிள்ளை இருக்கும். பிள்ளைக்குத் தோஷம் என்று அப்போது வேறொரு கயிறு கட்டுவார்கள்.

இன்னொரு நஷ்டத்தைச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. அதே கலியாணத்தில் பெண்ணின் அத்தை ஒருத்தி, புருஷனை இழந்தவள், அந்தப் பெண்ணைச் சிறு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள், பரீட்சைக்குப் பணம் கட்டினவளும் அவளே, முகூர்த்த நேரத்தில் சமையற்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகவே போய் உட்கார்ந்துகொண்டாள். "நான் எதிரே வந்தா நல்லதில்லப்பா, பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்று நம்மிடம் சொன்னாள். ஊரார் விலக்கி வைப்பதைக் காட்டிலும் கொடுமை, தன்னைத்தானே ஒரு கெட்ட சகுனம் என்று ஒரு மனுஷி நம்பும்படி செய்துவிட்டதாகும். பாதுகாப்பு, பாதுகாப்பு என்கின்றார்களே, அந்தப் பாதுகாப்பின் விலை இவள். பூட்டி வைப்பதும் பெண்ணை, ஒதுக்கி வைப்பதும் பெண்ணை என்றால், இந்தச் சகுனங்களை ஏற்படுத்தினது யார், யாருக்காக என்பது விளங்கவில்லையா?

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

பெண்ணைத் தடுத்த பாட்டியையும் தகப்பனாரையும் நாம் கொடியவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் அன்பினால்தான் தடுத்தார்கள். ஒரே மகள், கடன் வாங்கிச் செய்கின்ற கலியாணம், ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் யாருக்கும் வரும். அன்பு உண்மை, பயமும் உண்மை. காரணம் என்று காட்டப்பட்டதுதான் பொய். பொய்யான காரணத்தைக் காவல் காத்துக்கொண்டிருப்பதால் உண்மையான ஆபத்து கொல்லைப்புறமாக வந்துவிடுகின்றது. இரும்புத் துண்டைப் பெண் கையில் கொடுத்தவர்கள் தலைக்கவசத்தைப் பையன் தலையில் வைக்கவில்லையே, அதுதான் நமது துக்கம்.

ஆகவே அன்புள்ளவர்கள் செய்ய வேண்டியது யாதெனில், பத்திரிகையைத் தபாலிலும் தொலைபேசியிலும் அனுப்பிவிட்டுப் பையனைத் தூங்க விடுங்கள். வண்டியில் ஏறினால் தலைக்கவசம் போடச் சொல்லுங்கள். இரவுப் பிரயாணத்தை நிறுத்துங்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள். சாராயம் குடித்தவன் கையில் சாவி கொடுக்காதீர்கள். கலியாணத்துக்கு முன்னால் ஜாதகத்துக்குப் பதில் இரத்தத்தைப் பரிசோதனை செய்யுங்கள். பரீட்சையிருந்தால் பரீட்சைக்குப் பிறகு நாள் வையுங்கள். முன்னமே நாள் வைத்திருந்தால் பந்தக்காலைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போங்கள். மூங்கில் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

இது புதிதாகச் சொல்லுகின்ற யோசனையும் அல்ல. இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த, அருப்புக்கோட்டைக்கு அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928-ல் பெரியார் சுயமரியாதைத் திருமணம் நடத்தி வைத்தார். புரோகிதரும் இல்லை, மந்திரமும் இல்லை. அப்போதும் ஊரார் "இது விளங்குமா" என்று கேட்கத்தான் செய்தார்கள். அதன் பிறகு இராகு காலத்திலும், ஆடியிலும், நடு இரவிலும் எத்தனையோ திருமணங்கள் நடந்தன. 1967-ல் அண்ணா மந்திரி சபை அத்திருமணங்களைச் செல்லத்தக்கவை என்று சட்டமும் செய்தது. அத்தம்பதிகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, பேரர்கள் பிறந்து, அந்தப் பேரர்களும் கலியாணம் செய்துகொண்டு வாழ்கின்றார்கள். காத்துக் கருப்பு அவர்களைத் தேடி வரவில்லை. பூமி பிளக்கவில்லை. ஏறக்குறைய நூறு வருஷமாக நடந்து வருகின்ற இந்தப் பரீட்சையைக் காட்டிலும் பெரிய ருஜு வேறு என்ன வேண்டும்?

கலியாணம் முடிந்து நாம் புறப்படும்போது மணமகள் நம்மிடம் வந்து, "அடுத்த பரீட்சைக்கு எப்போ விளம்பரம் வரும்னு பார்த்துச் சொல்லுங்க" என்று மெதுவாகக் கேட்டாள். பக்கத்திலிருந்த மாப்பிள்ளை, "நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான். "தலைக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டிப் போ" என்று சொல்லிவிட்டு வந்தோம். அப்போது திங்கட்கிழமை காலை எட்டு மணி, நல்ல இராகு காலம். நாம் ஏறின பஸ் சரியான நேரத்திற்கு மதுரை போய்ச் சேர்ந்தது.